முன் அச்சும் முன்யோசனையும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. அது சங்கத்தின் சரக்கு வண்டிக்கும் பொருந்தும். நூல் சிப்பங்களைக் கொணர்வதும், நெய்த விரிப்புகளை ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் சேர்ப்பதும், மஞ்சள் மூட்டைகளை விற்பனைக் கூடத்திற்கு ஏற்றிச் செல்வதும் நம்முடைய ஒரே பிக்கப் வண்டிதான். அது நின்றால் தறிக்கும் தோட்டத்திற்கும் ஒருங்கே நஷ்டம் உண்டாகிறது.

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நிகழ்ந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்தன. ஸ்டியரிங் நடுங்குகிறதென்று ஓட்டுநர் இருமுறை சொன்னார். நிர்வாகக் குழு புது டயர்கள் இரண்டு வாங்கிக் கொடுத்து, கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது. தீபாவளிச் சரக்கு ஏற்றும் வேளையில் அவையும் அவ்வாறே தேய்ந்தன. கழற்றிப் பார்த்தபோது கிங்பின்களும் புஷ்களும் தேய்ந்து தளர்ந்திருந்தன. வண்டி பட்டறையில் நிற்க, சரக்கு வாடகை லாரியில் சென்றது. நோய் அச்சில் இருக்க, மருந்தை டயருக்கு இட்டோம். அக்குழுவில் நானும் ஒருவன். ஆகவே இது பிறர்மேல் சுமத்தும் குற்றமன்று.

முன் அச்சு திடீரென்று கெடுவதில்லை. பல நாள் முன்னதாகவே அறிவிப்புக் கொடுக்கிறது. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கரத்துப் பேரிங்கில், நில்லாவிடில் கிங்பின்னில். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால் டை ராடு முனைகளைப் பார்க்கவேண்டும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், பட்டையின் நடு போல்ட் அறுந்து அச்சு பின்வாங்கியிருக்கிறதா என்றும் நோக்கவேண்டும். இதற்குக் கால் மணி நேரம் போதும்.

பழுது பார்ப்பதிலும் போலிச் சிக்கனம் கூடாது. கிங்பின்னையும் புஷ்ஷையும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும்; புஷ்ஷை ரீமரால் அளவுக்குச் சரிசெய்யாமல் அடித்து ஏற்றுவது வீண். வளைந்த அச்சை நெருப்பிலிட்டு நிமிர்த்துவதும், விரிசலை வெல்டிங் வைத்து மூடுவதும் உயிருக்கே ஆபத்து. சூடு பட்ட எஃகு தன் வலுவை இழந்துவிடும். பட்டை கழற்றி மாட்டினால், சில நாள் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் முடுக்கவேண்டும். இறுதியில் சக்கர அலைன்மென்ட் பார்க்கவேண்டும்.

எப்.சி. எடுக்கும்போது எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் கூறுகின்றனர். அச்சான்று எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படுவது. அது அந்த ஒரு நாளைய நிலையைக் காட்டுமேயன்றி, இடைப்பட்ட நாட்களில் குண்டும் குழியுமான சாலையில் நம் அச்சைக் காக்காது.

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஓட்டுநர் கூறும் குறை ஒவ்வொன்றும் ஒரு நோட்டில் எழுதப்பட்டு, அடுத்த குழுக் கூட்டத்தில் படிக்கப்படவேண்டும். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவென்று ஒரு சிறு தொகை பழுது நிதியாக ஒதுக்கப்படவேண்டும். சக்கரத்தை உயர்த்தி கிரீஸ் அடிக்கும் நாள் குறிக்கப்பட்டு, அது தவறாமல் நடைபெறவேண்டும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நம் சங்க வண்டிதானே என்று அனுமதித்த எடைக்கு மேல் இரண்டு மூட்டை ஏற்றச் சொல்பவர், அந்த அச்சில் தமக்கும் பங்கு உண்டென்பதை மறக்கிறார். வண்டி சங்கத்தின் சொத்து. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரோ ஒரு குடும்பத்தின் தலைவர். இரண்டையும் காப்பதற்குச் செலவிடும் பணம் செலவல்ல, சேமிப்பே.