நாளைக்கு வரப்போற டர்போவுக்கு இன்னைக்கே பம்ப்பா?

டொராண்டோவில் இருக்கும் பெரியப்பா பையன் போன வாரம் போன் பண்ணினார். அண்ணனிடம் 2004 மாடல் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் இருக்கிறது. 20 வருஷத்துக்கு மேல் உழைத்த பெட்ரோல் பம்ப், இனி ஓய்வு கேட்கிறது. "டேய், நீதானே காமர்ஸ் படிக்கிற. 255 போடவா, 450 போடவா?" என்றார். மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்பதுதான் அந்த எண். பெரிய டர்போ ஒன்று மாட்டும் கனவு அவருக்கு. "இப்பவே பெருசா வாங்கிட்டா ரெண்டாவது செலவு மிச்சம்" என்பது அவர் வாதம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணக்கு போட்டுப் பார்ப்போமே!

டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.37 லிட்டர் பெட்ரோல் வேண்டும். இந்தக் காரின் 227 எச்பிக்கு 84 லிட்டர். அண்ணன் சொல்லும் 300 எச்பிக்கு 111. கால் பங்கு பாதுகாப்புக்குச் சேர்த்தால் 139. நாளைக்கே ஈ85 ஊற்றினாலும், அது சுமார் 30 சதவீதம் கூடுதலாகக் குடிக்கும், 180 லிட்டருக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. அழுத்தம் ஏற ஏற பம்ப்பின் அளவு குறையும். டர்போ ஊதும்போது 3 பார் அழுத்தம் 4 பாரைத் தாண்டும். அப்போதும் நல்ல நிலையில் உள்ள 255 பம்ப் 200 லிட்டருக்கு மேல் தரும். போதாதா?

450 போட்டால் குதிரைத்திறன் ஒன்றும் கூடாது. இன்ஜின் கேட்காத பெட்ரோல் டேங்குக்கே சுற்றித் திரும்பும், சூடாகும். பழைய ரெகுலேட்டர் அவ்வளவையும் திருப்பி அனுப்பத் திணறினால் ஐடிலில் அழுத்தம் ஏறும். மின்சாரமும் அதிகம் இழுக்கும் என்பதால் பழைய ஒயரை மாற்ற வேண்டி வரலாம். எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் முடங்கிய முதல் :-)

"ரெண்டு தடவை கூலி?" நியாயமான கேள்விதான். டேங்கையே இறக்க வேண்டிய கார் என்றால் நானும் கட்சி மாறிவிடுவேன். ஆனால் இந்தக் காரில் பின் சீட்டைத் தூக்கினால் மூடி. ஒரு மதிய வேலை. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க இவ்வளவு வம்பு தேவையா?

அதற்காகக் கஞ்சத்தனமும் கூடாது. பழைய அளவிலேயே வாங்கினால் சக்தி கூட்டும் அன்று பெட்ரோல் பற்றாது. பற்றாவிட்டால் இன்ஜின் நாக் அடிக்கும், பிஸ்டன் போகும். வால்ப்ரோ 255க்கு போலிகள் நிறைய உலவுகின்றன. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். வடிகட்டியையும் கூடவே மாற்றுங்கள். மாற்றிய பிறகு கேஜ் வைத்து அழுத்தம் பாருங்கள்.

என் கட்சி இதுதான்: நிச்சயமாகச் செய்யப்போகும் அடுத்த படிக்கு வாங்கு, கனவில் இருக்கும் மூன்றாவது படிக்கு வாங்காதே. அண்ணனுக்குப் படிப்புக் கடன் இன்னும் பாக்கி. அந்த டர்போவும் நாலு வருஷமாக "அடுத்த வருஷம்"தான்! 255ஐ வாங்கி, மிச்சக் காசைக் கடனில் கட்டச் சொன்னேன். "உன்கிட்ட கேட்டேன் பாரு" என்று போனை வைத்துவிட்டார்.

நீங்களே சொல்லுங்க மக்களே, நான் சொன்னது தப்பா?