பாண்டு செல்லலாம், சான்றிதழைப் பிடிப்பது செல்லாது

மூன்று ஆண்டு முடியுமுன் பணியை விட்டு விலகுபவர் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நியமன நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 23, 27 ஆகிய பிரிவுகளுக்கு முரணானதன்று என உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் 2025 மே 14 அன்று அளித்த தீர்ப்பு, பாண்டு எழுதி வாங்கும் ஒவ்வொரு தனியார் நிர்வாகமும் அதையே கேடயமாகப் பிடிக்க இடமளித்துவிட்டது. ஆனால் அத்தீர்ப்பு, பொது விளம்பரம் செய்து போட்டித் தேர்வு நடத்தியாக வேண்டிய பொதுத்துறை வங்கியின் ஆட்சேர்ப்புச் செலவையும், முதுநிலை மேலாளராகச் சேர்ந்தவரின் ஊதியத்தையும் எடைபோட்டே அத்தொகை மிகையல்ல என்று கூறியது. சொற்ப ஊதியத்தில் பயிற்சிச் செவிலியராகச் சேரும் பெண்ணிடம் அதே தொகையைக் கோருவது, நியாயமான இழப்பீட்டுக்கு மேல் எதுவும் கிடைக்காது எனும் 74-ஆம் பிரிவின் முன் தனியே நிறுவப்பட வேண்டிய கோரிக்கை.

இதைவிடக் கவலைக்குரியது, தீர்ப்பு தொடாத மற்றொரு நிபந்தனை. பாண்டுக்குத் தந்தையின் ஜாமீன் கையெழுத்து, நிரப்பப்படாத காசோலை, பத்தாம் வகுப்பு முதல் பட்டயம் வரையிலான அசல் சான்றிதழ்கள் என மூன்றையும் சேர்த்து வாங்கும் வழக்கம் குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலும் நெடுங்காலமாக உள்ளது. வளைகுடாவில் வேலை கிடைத்தவர் விலகல் கடிதம் கொடுத்ததும், பணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்ற பதில் வருகிறது. அங்கே நிர்வாகம் நீதிமன்றத்தை நாட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

பற்றுரிமை, அதாவது வரவேண்டிய தொகைக்காகப் பிறர் பொருளைக் கைவசம் நிறுத்திவைக்கும் உரிமை, 171-ஆம் பிரிவின்படி வங்கியர் முதலிய சிலருக்கு இயல்பாகவும், மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தத்தின் பேரிலும் கிடைக்கிறது என்பதால், பாண்டிலேயே அதை எழுதி வாங்கிவிட்டோம் என்பது நிர்வாகங்களின் வாதம். அப்பிரிவு பேசுவதோ விற்றுப் பணமாக்கத்தக்க சரக்கைப் பற்றி. கட்டணம் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டை வழக்குரைஞர் நிறுத்திவைக்க முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு கூறியது இந்தக் காரணத்தால்தான். தன் கட்சிக்காரரின் காகிதத்தைப் பிடித்துவைக்க உரிமையற்ற வழக்குரைஞர், ஒரு செவிலியரின் சான்றிதழைப் பிடித்துவைக்கும் நிபந்தனையை எந்த மனத்தோடு வரைந்து கொடுக்கிறார் என்ற கேள்வியை மாவட்ட வழக்குரைஞர் சங்கங்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்நிபந்தனை செல்லாதென்றால் பாண்டு முழுவதும் விழுமா என்பது அடுத்த வினா. ஒரே மறுபயனின், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவதன், ஒரு பகுதி சட்டத்துக்குப் புறம்பானால் ஒப்பந்தமே செல்லாது என்கிறது 24-ஆம் பிரிவு; சட்டப்படியான வாக்குறுதிகள் நிற்கும், மற்றவை மட்டும் விழும் என்கிறது 57-ஆம் பிரிவு. தீய பகுதியை அடித்துவிட்டு எஞ்சியதைத் தனியே வாசிக்க முடியுமானால் அதைக் காப்பாற்றும் பிரிப்புக் கோட்பாட்டை ஷின் சாட்டிலைட் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருப்பதால், பெரும்பாலான பாண்டுகளில் பண நிபந்தனை தப்பிப் பிழைக்கும் என்றே கொள்ள வேண்டும். அது தப்பினாலும், சான்றிதழை ஒரு நாள்கூட வைத்திருக்க அது உரிமை தராது.

மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் வைத்திருக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தவருக்கு அதே காப்பை நீட்டித்து ஓர் ஆணை வெளியிட அரசுக்கு என்ன தடை? 2011, 2012 ஆண்டுகளில் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, பாண்டும் சான்றிதழும் அவர்களின் முதன்மைக் குறைகளில் இருந்தன. எல்லைக்கு இப்பால் அக்குரலைக் கேட்ட அதிகாரிகள், உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறதே என்று கைவிரிப்பது, விசா காலாவதியாகும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இழைக்கப்படும் அநீதி.

அரசாணை வரும்வரை, குறித்த அசையும் பொருளை மீட்க வழிசெய்யும் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 7, 8 பிரிவுகளின் கீழ் சான்றிதழை மட்டும் கோரும் வழக்கைத் தனியே தொடுத்து, இடைக்கால மனுவில் முதலிலேயே அதைத் திரும்பக் கேட்பதும், பணக்கணக்கைப் பிறகு வழக்காடுவதும் இங்குள்ள வழக்குரைஞர்களால் இயலும்.