கதிரவன் நெருங்குவதாலா கோடை?

கோடையில் வெயில் ஏன் சுடுகிறது என்று கற்றோர் சிலரைக் கேட்டுப் பாருங்கள். ஞாலம் அப்பொழுது கதிரவனை நெருங்கிச் செல்வதால் என்று, பட்டம் பெற்றோரும் தயங்காமல் விடையிறுப்பர். அவ்விடை முற்றும் பிழை.

ஞாலம் கதிரவனைச் சுற்றும் வழி சற்றே நீண்ட வட்டம். ஆகவே இரண்டிற்கும் இடையுள்ள தொலைவு ஒருபடித்தாய் இருப்பதில்லை. மிக நெருங்குங்கால் ஏறத்தாழ 9 கோடியே 14 இலக்கம் கல். மிக விலகுங்கால் ஏறத்தாழ 9 கோடியே 45 இலக்கம் கல். ஆனால் நெருங்குவது எப்பொழுது? சனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனியில் போர்வைக்குள் ஒடுங்கும் நாள்களில்! விலகுவதோ சூலைத் தொடக்கத்தில். நெருக்கமே வெம்மைக்குக் கரணியமாயின் மார்கழியன்றோ நம்மைச் சுட்டெரித்தல் வேண்டும்? அதே மார்கழியில் ஆத்திரேலியர் கோடையில் வெந்து நிற்பது எவ்வாறு?

உண்மைக் கரணியம் சாய்வு. ஞாலத்தின் அச்சு நேர்நிற்கவில்லை. ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்துள்ளது. நொடிக்கு 18 கல்லுக்கும் மேலான விரைவில், ஏறத்தாழ 365¼ நாளில் கதிரவனைச் சுற்றி வரும்பொழுதும் அச்சாய்வு திசை மாறுவதில்லை. வடமுனை ஆண்டு முழுதும் வடமீனையே நோக்கி நிற்கும். அதனால் சூன் திங்களில் ஞாலத்தின் வடபாதி கதிரவன்பால் சாய்ந்திருக்கும்; திசம்பரில் தென்பாதி சாய்ந்திருக்கும். அவ்வாறு சாய்ந்த பாதியில் கதிர்கள் நிமிர்ந்து விழுந்து செறியும், பகலும் நீளும். மறுபாதியில் அவை சரிந்து பரவி வலுக்குன்றும், பகலும் குறுகும்.

இனி நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம். இவ்வுண்மையைக் கற்பிக்கப் புகுவோர் பலர், மேனாட்டுப் படத்தையே நம் பிள்ளைகள்முன் விரிக்கின்றனர். தளிர்த்த மரம், தழைத்த மரம், இலையுதிர்ந்த மரம், உறைபனி மூடிய மரம் எனப் பருவம் நான்கு. அது இலண்டனுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்துமா? இலண்டனில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு எட்டு மணி நேரத்திற்கும் மேல். சென்னையிலோ ஒன்றரை மணி நேர அளவே. இலண்டனில் கதிரவன் ஒருநாளும் தலைக்கு நேரே நிற்பதில்லை. சென்னையில் சித்திரையிலும் ஆவணியிலுமாக ஆண்டுக்கு இருமுறை நிற்கிறது. சாய்வு ஒன்றே, அது காட்டும் முகம் நாட்டுக்கு நாடு வேறு.

நம் நாட்டில் அது முகிலாகவும் காற்றாகவும் முகங்காட்டுகிறது. வடபாதியின் நிலப்பரப்பு கடலினும் மிகுதியாய்ச் சூடேறத் தென்மேற்குக் காற்றுக் கடல்நீரை முகந்து வருகிறது. கதிரவன் தெற்கே சாயக் காற்றும் திரும்பி, ஐப்பசி கார்த்திகையில் கீழைக்கரைக்கு மழை தருகிறது. இவற்றை உணர்ந்தே நம் முன்னோர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுது வகுத்தனர். முகிலும் குளிரும் பனியும் வெம்மையுமே அப்பெயர்களில் நிற்கின்றன. அச்சின் சாய்வையும் அவர்கள் அளந்தறிந்தனர் என நாம் பொய்ப்பெருமை பேச வேண்டுவதில்லை. தம் வானத்தைத் தம் கண்ணால் கண்டு தம் சொல்லால் பெயரிட்டனர், அப்பெருமையே போதும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகின்றோம். பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நேராக நடுங்கள். நாள்தோறும் கதிரவன் உச்சியடையும் பொழுதில் அதன் நிழல்நுனியைப் பிள்ளைகள் குறிக்கட்டும். மார்கழியில் நிழல் வடக்கே நீளும். குமரியில் பங்குனி இறுதியிலும் சென்னையில் சித்திரையிலும் ஒருநாள் அது கோலடியிலேயே மறையும். ஆனியில் தெற்கே விழும். ஆவணியில் மீண்டும் மறையும். மார்கழிக்கும் ஆனிக்கும் இடையே கதிரவன் உச்சிவானில் நகர்ந்தது ஏறத்தாழ 47 பாகை. அதிற் பாதியே ஞாலத்தின் சாய்வு! இதற்குப் பொருட்செலவில்லை, ஒரு கோலும் ஓராண்டுப் பொறுமையும் போதும்.

பிறர் வானத்தை நெட்டுருச் செய்த பிள்ளை விடைத்தாளை நிரப்பும். தன் வானத்தைக் கண்ட பிள்ளையோ, தன் முற்றத்து நிழலைக் கொண்டே ஞாலத்தை அளக்கும். நமக்கு வேண்டியது எந்தப் பிள்ளை? கோலை நடுக, நிழலை நோக்குக!