நுண்இயந்திரம் வரும்வரை காத்திருக்கலாமா?

“உடலுக்குள் ஓடி நோயை அழிக்கும் நுண்இயந்திரம் வந்துவிட்டதாமே ஐயா, அதுவரை இந்தக் கீமோவைத் தள்ளிப்போடலாமா?” புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ள வருவோரின் வீட்டார் எங்களிடம் இவ்வாறு கேட்பதுண்டு. கேள்வியில் பிழையில்லை, அன்புக்குரியவரின் வேதனையை அருகிருந்து காண்பவர்க்கு இந்த ஆவல் எழுவது இயல்பே. ஆயினும் இதில் உயிர் அடங்கியிருப்பதால் எங்கள் கருத்தைத் தயக்கமின்றிக் கூறுகிறோம். நுண்இயந்திர ஆய்வு மெய்யானது. அதற்காக இன்றைய மருந்தை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது.

அத்தகைய இயந்திரங்கள் நம் ஒவ்வொருவர் உடலிலும் ஏற்கெனவே இயங்கி வருகின்றன. முதுகின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அதன் நுனிக்கு வேண்டிய பொருள்களைக் ‘கைனசின்’ என்னும் புரதம் சுமந்து செல்கிறது. 1985ஆம் ஆண்டு கணவாயின் நரம்பில் இது கண்டறியப்பட்டது. நுண்குழல் என்னும் தடத்தின்மீது இது இரு கால்களை மாற்றி மாற்றி வைத்து நடக்கிறது. ஓர் அடியின் அளவு 8 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் எட்டுக் கூறுகள்.

வைகாசிக் கருட சேவையன்று வரதராசப் பெருமாளைத் தோளில் ஏந்திவரும் ஸ்ரீபாதம் தாங்கிகளை நம் ஊரார் அறிவர். நாற்புறமும் கூட்டம் நெருக்கினும் அவர்கள் முன்னோக்கியே நடக்கின்றனர். உயிரணுவுக்குள்ளும் நீர் மூலக்கூறுகள் ஓயாது மோதும் நெரிசலே நிலவுகிறது. அந்நெரிசலில் தடம் தவறாமல் ஒரே திசையில் நடப்பதுதான் அறிவியலாளரை வியக்கவைத்த திறன்.

அத்திறனைச் செயற்கையில் படைக்க முயல்கின்றனர். ஒளி பட்டால் ஒரே திசையில் சுழலும் மூலக்கூறை 1999இல் நெதர்லாந்தின் பென் ஃபெரிங்கா உருவாக்கினார். 2016ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் ழான்-பியர் சொவாஜ், ஃபிரேசர் ஸ்டொடார்ட் ஆகியோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. டி.என்.ஏ. இழைகளைக் கால்களாகக் கொண்டு நடக்கும் அமைப்புகள் 2004இல் வெளிவந்தன. ஆனால் அவற்றின் ஒவ்வோர் அடிக்கும் ஆய்வாளர் புதிய இழையை ஊட்ட வேண்டியிருந்தது. ஒளியால் இயங்குபவற்றுக்கோ, உடலின் ஆழத்துக்கு ஒளி எளிதில் செல்லாது என்பது பெருந்தடை.

நம் நாட்டிலும் இத்துறைக்கு அண்மையான பணி நடைபெறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார், பல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து கிருமிகளை வெப்பத்தால் அழிக்கும் நுண்துகள்களை 2022இல் அறிவித்தனர். அவை தாமே நடப்பவை அல்ல. வெளியிலுள்ள காந்தப்புலத்தால் செலுத்தப்படுபவை. பிடுங்கிய பற்களிலும் எலிகளிலும் அவை சோதிக்கப்பட்டன. ஆய்வகத்தில் வெற்றி கண்ட ஒன்று நோயாளியின் படுக்கையை அடைவதற்கு இத்தகைய பல படிகளைக் கடக்க வேண்டும்.

இதற்கிடையே நாம் மறந்துவிடும் ஒன்றுண்டு. வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிறிஸ்டின் 1960களிலிருந்தே பயன்பட்டு வருகிறது. மேற்கூறிய நுண்குழல் தடங்கள் உருவாகாமல் அது தடுக்கிறது. பேக்ளிடாக்ஸெல் என்னும் மருந்தோ அத்தடங்களைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. இரண்டு வழியிலும் புற்றணு பிரிந்து பெருக இயலாது போகிறது. மூலக்கூறு இயந்திரங்களைப் பற்றிய அறிவோடு தொடர்புடைய மருத்துவம் உங்கள் கீமோ பாட்டிலிலேயே இருக்கிறது.

அதே தடங்கள் நரம்பிலும் உள்ளமையால், இம்மருந்துகளைப் பெறுவோர்க்குக் கைகால் மரத்துப்போதல் உண்டாகலாம். அறுந்த பட்டிழையை விரலுணர்வால் பிணைக்கும் நெசவாளர்க்கு இது பிழைப்பையே பாதிக்கும் செய்தி. ஆகவே எரிச்சலோ மரமரப்போ தோன்றிய அன்றே மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ, இடைவெளியைக் கூட்டவோ, மருந்தை மாற்றவோ வழியுண்டு. அஞ்சி நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பொறுத்துக்கொண்டு மறைக்கவும் வேண்டா.

‘நானோ’ என்னும் சொல்லைச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது மனிதரிடம் சோதிக்கப்பட்டதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் இதற்குப் பதிவு எண் உண்டா? அப்பதிவு 2009 முதல் கட்டாயமாகும். விடை தராதவரிடம் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் கடமையுண்டு. நாங்கள் பொறுமையுடன் விளக்காதபோதே மக்கள் காணொளிகளை நாடுகின்றனர். கேள்வி கேட்கும் எவரையும் கடிந்து அனுப்பலாகாது என்பதே எங்கள் நிலைப்பாடு. நாளைய இயந்திரங்கள் வரட்டும், மகிழ்ந்து வரவேற்போம். அதைக் காண நீங்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவே, அடுத்த தவணைக்குத் தவறாது வாருங்கள் என்கிறோம்.