குடும்பப் பேரேட்டில் எழுதாத கணக்கு

இறந்த அங்கத்தினரின் பங்குத்தொகையை வாரிசுக்கு மாற்றும் கோப்புகளைப் பார்வையிடுவது என் அலுவல்களுள் ஒன்று. ஒரு சங்கத்தில் ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று கோப்புகளைக் கண்டேன்: தந்தை, பெரியப்பா, அத்தை. மூவரும் ஐம்பது வயதைக் காணாதவர்கள். வினவியபோது, "வயிற்று வலி" என்றார் மகன். பின்னர் குரலைத் தாழ்த்தி, "குடலில் புற்று, ஐயா. தங்கைக்கு வரன் பார்க்கிறோம், வெளியே சொல்ல வேண்டாம்" என்றார்.

1895-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஒரு தையற்காரப் பெண்மணி, தன் வீட்டார் பலரைப் போலத் தானும் புற்றுநோயால் இளமையிலேயே மாண்டுபோவேன் என்று டாக்டர் வார்த்தினிடம் கூறினார். அப்போது அவர் நலமாகவே இருந்தார். ஆயினும் கூறியவாறே பின்னர் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். அக்குடும்பத்தின் வரலாற்றை வார்த்தின் 1913-இல் வெளியிட்டார். அதன் அருமையை உலகம் உணர, 1960-களில் டாக்டர் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களை ஆராய வேண்டியிருந்தது. இன்று அது லிஞ்ச் நோய் எனப்படுகிறது. அதற்குரிய மரபணுக்களுள் முதலாவது 1993-இல் கண்டறியப்பட்டது.

தறியில் இழை அறுந்தால் உடனே பிணைக்கிறோம் அல்லவா? உடலின் அணுக்கள் பெருகும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பழுதுற்றால் பிழைகள் குவிந்து புற்றாகின்றன. பெருங்குடல் புற்றுநோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ மூவருக்கே இது காரணம். பழுது தந்தை வழியிலும் வரும், தாய் வழியிலும் வரும்; ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெற்றவர் அனைவருக்கும் நோய் வருவதுமில்லை.

சம்பந்தம் தவறிவிடும் என்ற அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். ஆனால் மறைப்பதால் மரபணு மாறிவிடாது, காலந்தான் கழியும். பின்லாந்தில் இத்தகைய 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்தனர். மூன்றாண்டுக்கொருமுறை குடலுட்காட்டிச் சோதனை செய்துகொண்ட 133 பேரில் எண்மருக்குப் புற்று வந்தது. அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. செய்துகொள்ளாத 119 பேரில் பத்தொன்பதின்மருக்கு வந்தது, ஒன்பதின்மர் இறந்தனர். புற்றாக மாறுமுன்பே சதைமொட்டுகளை அகற்றிவிடலாம் என்பதே இதன் சூட்சுமம். இந்நோய்க்குரிய பழுது உறுதியானவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கொருமுறை சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவர் கருத்து.

மூவரும் நோயுற்ற வயதுகளை ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுமாறும், தங்கையையும் உடன் அழைத்துச் செல்லுமாறும் அவ்விளைஞரிடம் கூறினேன். தங்கையைப் பற்றி அவர் விடை பகரவில்லை. தாள் மட்டும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.