குதிரைக்குக் கிடைத்த நியாயம்

கல்கத்தா கிடர்ப்பூர் கப்பல் பட்டறையில் சர்க்கார் தொழிலாளர்கள் கனமான இரும்புத் தளவாடம் ஒன்றைச் சாலை வழியே தூக்கிச் சென்றனர். குதிரை வண்டி ஒன்று நெருங்கி வரவே, பதறிப்போய் இரும்பைக் கீழே போட்டனர். அந்தச் சத்தத்தில் மிரண்ட குதிரைகளில் ஒன்றுக்குக் காயம். வண்டிக்குச் சொந்தக்காரரான பி அண்டு ஓ கப்பல் கம்பெனி 350 ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. சர்க்காரே பொறுப்பு என்று 1861-ல் தீர்ப்பாயிற்று.

ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு முள்ளும் இருந்தது. வியாபாரம் போன்ற காரியங்களில் தவறு நேர்ந்தால் சர்க்கார் மீது வழக்குப் போடலாம். ஆட்சி அதிகாரத்தைச் செலுத்தும்போது நேர்ந்தால் போட முடியாது என்பதே அது. நமது அரசியல் சட்டத்தின் 300-வது பிரிவும், புதுச் சட்டம் வரும்வரை பழைய நிலையே நீடிக்கும் என்று விட்டுவிட்டது.

உதயப்பூரில் சர்க்கார் ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில், ராஜஸ்தான் அரசு 15 ஆயிரம் ரூபாய் தரவேண்டும் என்பதை 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. இரண்டே ஆண்டில் காட்சி மாறியது. 1947-ல் மீரட்டில் ஒரு வியாபாரியிடம் போலீசார் நூறு தோலாவுக்கு மேல் தங்கத்தைப் பறிமுதல் செய்தனர். அதைத் தலைமைக் காவலர் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். பறிமுதல் செய்வது ஆட்சி அதிகாரம். ஆகவே நஷ்டஈடு இல்லை என்று 1964-ல் தீர்ப்பு வந்தது. குதிரைக்குக் கிடைத்த நியாயம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை! சட்டசபைகள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த நீதிபதிகளே வருந்திச் சொன்னார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விதியை நமக்குத் தந்த பிரிட்டன், தங்கம் பறிபோன அதே 1947-ல் அரசைப் பொறுப்பாக்கித் தனக்குச் சட்டம் செய்துகொண்டது. இங்கே சட்டக் கமிஷன் 1956-லேயே பரிந்துரைத்தது. 1965-லும் 1967-லும் மசோதா வந்தது; நிறைவேறவில்லை.

கோர்ட்டுகள் சும்மா இருக்கவில்லை. விடுதலையான பிறகும் 14 ஆண்டு பீகார் சிறையில் வாடியவருக்கு 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு 30 ஆயிரம் ரூபாய் வழங்கச் செய்தது. 1994-ல், பழைய பாகுபாடு இக்காலத்துக்குப் பொருந்தாது என்றும் கூறியது. ஆயினும் மீரட் தீர்ப்பு ரத்தாகவில்லை. வழக்குக்கு வழக்கு, நீதிபதிக்கு நீதிபதி நியாயம் மாறும் நிலைதான்.

ரயில் விபத்துக்கும் மோட்டார் விபத்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு; தீர்ப்பாயங்கள் உண்டு. லாக்கப்பில் அடிபட்டவனுக்கு? பிழைக்க வந்த ஊரில் தள்ளுவண்டி பறிமுதலாகி, சரக்கு அழுகிப்போனவனுக்கு? மொழி தெரியாத இடத்தில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஐகோர்ட்டு வாசலில் அவன் எத்தனை நாள் நிற்க முடியும்?

இழப்பீடு கொடுத்தால் கஜானா காலியாகும் என்கிறார்கள். அந்தப் பாரத்தை இன்று அடிபட்டவனின் குடும்பமே சுமக்கிறது. ஊர் முழுவதும் பங்கிட்டுச் சுமக்கவேண்டியதை ஒரு குடிசையின் தலையில் ஏற்றுவது தர்மமல்ல. இன்னது நேர்ந்தால் இவ்வளவு நஷ்டஈடு, இத்தனை நாளில், பக்கத்துக் கோர்ட்டிலேயே என்று பாராளுமன்றம் சட்டம் செய்யவேண்டும். கம்பெனி ஆட்சி போயிற்று. அதன் கேடயமும் போகட்டும்.