‘தெரியாதவங்க மெயிலைத் திறக்காதீங்க’ன்னா, ஜெராக்ஸ் கடைக்காரர் என்ன செய்வார்?

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வளவனூர் வந்துவிடும். அங்கே என் மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கலர் பிரின்டர், லேமினேஷன் மெஷின், வயதான கம்ப்யூட்டர் ஒன்று. கண்ணாடிக் கதவில் கடையின் மெயில் ஐடியைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார். ஹால் டிக்கெட், பட்டா நகல், ரயில் டிக்கெட், காலேஜ் புராஜெக்ட்... எதுவானாலும் அந்த ஐடிக்கு அனுப்பிவிட்டு, கதவோரம் நின்று “அண்ணே, மெயில் வந்துடுச்சா?” என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்பீர்கள். தன் நம்பர் கடைக்காரர் போனில் பதிய வேண்டாம் என்று நினைக்கும் காலேஜ் பெண்களுக்கு மெயில்தான் வசதி. நானும் அந்தக் கட்சிதான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மாமாவிடமிருந்து போன்.

“பாப்பா, நீ கம்ப்யூட்டர் பத்தியெல்லாம் எழுதுறியே... கடை மெயில்லேருந்து நான் அனுப்பாத மெயிலெல்லாம் ஊருக்கே போயிருக்கு. ஒரு பொண்ணு போன் பண்ணி, ‘எனக்கு எதுக்குண்ணே பில் அனுப்புனீங்க’ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்றது?”

“தெரியாதவங்க அனுப்புன மெயில் எதையாவது திறந்தீங்களா மாமா?”

சிரித்துவிட்டார். “என் பொழப்பே அதானே பாப்பா! தெரிஞ்சவன் எவன் எனக்கு மெயில் அனுப்புறான்?”

எனக்குச் சுருக்கென்றது. ‘முகம் தெரியாதவர் அனுப்பிய மெயிலைத் திறக்காதீர்கள்’ என்று இதே பகுதியில் நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! ஒரு நாளைக்கு ஐம்பது பேரின் மெயிலைத் திறந்தால்தான் மாமாவுக்குச் சோறு. அவருக்கு அந்த அறிவுரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

யோசித்துப் பார்த்தால், மற்றவர்களுக்கும் பெரிதாக இல்லை. உலகத்தையே கலக்கிய முதல் பெரிய மெயில் வைரஸ்களில் ஒன்று தெரிந்தவர்கள் பெயரில்தான் வந்தது. 2000-ம் ஆண்டு மே 4-ம் தேதி, பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ். சப்ஜெக்ட்டில் ‘ஐ லவ் யூ’, கூடவே காதல் கடிதம் என்று ஒரு ஃபைல். அனுப்பியவர் பெயரைப் பார்த்தால் உங்கள் ஆபீஸ் மேனேஜராக இருப்பார், இல்லை பழைய கிளாஸ்மேட். யார்தான் திறக்க மாட்டார்கள்? திறந்ததும் அந்தக் கம்ப்யூட்டரின் அவுட்லுக்கில் இருக்கும் அத்தனை முகவரிக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. போட்டோக்களின் மேல் தன்னை எழுதி அழித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மெயில் சேவையை நிறுத்திவைக்க வேண்டிவந்தது.

அதை எழுதிய ஓனல் டி குஸ்மான் அப்போது மணிலாவில் ஒரு கம்ப்யூட்டர் கல்லூரி மாணவர். வைரஸ் பரப்புவது குற்றம் என்று பிலிப்பைன்ஸில் அன்று சட்டமே இல்லாததால் தப்பித்துவிட்டார். (நாமும் சிரிக்க முடியாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே 2000-ல் வந்து, அக்டோபர் 17-ம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது.) பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, மணிலாவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். காசு கொடுத்து இன்டர்நெட் வாங்க முடியாமல், மற்றவர்களின் பாஸ்வேர்டைத் திருடத்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த வைரஸின் சாமர்த்தியம் ஃபைலின் பெயரில் இருந்தது. பெயர் ‘டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்’ என்று முடியும். டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்து. விபிஎஸ் என்றால் ஓடக்கூடிய புரோகிராம். விண்டோஸ் கடைசி வாலை மறைத்துவிடுவதால், பார்ப்பவர் கண்ணுக்கு டிஎக்ஸ்டி மட்டும் தெரிந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் விண்டோஸ் அந்த வாலை இன்னமும் மறைத்தே வைத்திருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மாமா கடையில் நடந்ததும் இதன் பேரப்பிள்ளைதான். ஜிமெயிலில் எக்ஸ்இ மாதிரி புரோகிராம் ஃபைலை அட்டாச் செய்யவே முடியாது. ஜிப்புக்குள் வைத்தாலும் தடுத்துவிடும். அதனால் இப்போது ஃபைலை அனுப்பாமல் லிங்க்கை அனுப்புகிறார்கள். 25 எம்பிக்கு மேல் போனால் ஜிமெயிலே டிரைவ் லிங்க்காக மாற்றி அனுப்பும் என்பதால், லிங்க்கைத் தட்டி டவுன்லோட் செய்வது ஜெராக்ஸ் கடையில் தினப்படி வேலை. ‘பில் இரண்டு காப்பி வேண்டும், வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று ஒரு மெயில். லிங்க்கைத் தட்டினால் ஜிப். பிரித்தால் சிவப்பு நிற பி.டி.எஃப் படம் போட்ட ஃபைல். மாமா டபுள் கிளிக் செய்திருக்கிறார். ஒன்றும் திறக்கவில்லை. இன்னொரு தடவை. ஊஹூம். ‘ஃபைல் கரப்ட் போல’ என்று விட்டுவிட்டார். பில் வாங்க யாரும் வரவும் இல்லை.

அது பி.டி.எஃப் இல்லை. படம் மட்டும்தான் பி.டி.எஃப், வால் எக்ஸ்இ. இந்த ரகத்துக்கு ‘இன்ஃபோஸ்டீலர்’ என்று பெயர். கம்ப்யூட்டரைக் கெடுக்காது, சத்தம் போடாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், ‘குக்கீ’ எனப்படும் லாகின் அடையாளங்களையும் சுருட்டி அனுப்பிவிடும். பொருட்காட்சியில் ஒருமுறை டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கையில் முத்திரை குத்துவார்களே, வெளியே போய் வந்தாலும் கையைக் காட்டினால் விடுவார்கள். குக்கீ அந்த முத்திரை. அதைத் திருடியவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி-யும் வேண்டாம்.

எனவே போனிலேயே மாமாவிடம் முதலில் சொன்னது: “நெட் ஒயரைப் புடுங்குங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல எதையும் மாத்தாதீங்க, உங்க செல்போன்ல மாத்துங்க.” பலர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். திருடன் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே புதுப் பூட்டின் சாவியைச் செய்தால் எப்படி? செல்போனில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறச் சொன்னேன். இரண்டு கட்டச் சரிபார்ப்பு, ரெகவரி நம்பர் மாறியிருக்கிறதா என்ற பரிசோதனை, பேங்க் பாஸ்வேர்டு... வரிசையாக. அக்கவுன்ட்டில் பணம் போகவில்லை. போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யச் சொல்லியிருப்பேன். அந்த நம்பரில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வளவனூர் போனேன். முதல் வேலையாக ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியைப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே ஒரு ஃபில்டர் இருந்தது. ‘பில்’ என்ற வார்த்தை உள்ள பதில்கள் எல்லாம் நேரே டிராஷுக்குப் போகும்படி யாரோ அமைத்திருந்தார்கள். ‘என்னண்ணே அனுப்புனீங்க’ என்று பலர் பதில் எழுதியும் மாமா கண்ணில் எதுவும் படாததற்கு அதுதான் காரணம். அந்தப் பெண் போன் செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ.

“ஆன்டிவைரஸ் இருக்குதே பாப்பா, பச்சை டிக் காட்டுதே!” என்றார் மாமா. திறந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர் போட்டுக்கொடுத்த ‘கிராக்’ வெர்ஷன். கடைசியாக அப்டேட் ஆகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சம்பளம் கொடுக்காத வாட்ச்மேன் நாற்காலியில் தூங்குகிறார். பச்சை யூனிஃபார்ம் மட்டும் வெளியே தெரிகிறது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. வேறு ஆன்டிவைரஸ் இருப்பதாக நினைத்தால் விண்டோஸோடு வரும் ‘டிஃபெண்டர்’ ஒதுங்கி நின்றுவிடும். இலவசமாக விழித்திருக்கும் ஆளை அனுப்பிவிட்டு, தூங்குகிறவரை வைத்திருந்தார் மாமா.

கிராக்கைத் தூக்கினோம். டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டினோம். விண்டோஸ் முழுதாக விழிப்பதற்கு முன்பே ஓடும் ஸ்கேன் அது, ஒளிந்திருப்பவை சிக்கும். மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ 2017 முதல் இந்திய ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் உதவியோடு இலவச நீக்கும் கருவிகளைத் தருகிறது, அதையும் ஓட்டினோம். இரண்டு ஃபைல் சிக்கின. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விண்டோஸும் கிராக்தானே! ஒரிஜினல் விண்டோஸ் வாங்கி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டோம். மாமாவுக்கு வலிக்கத்தான் செய்தது.

அப்போதுதான் மாமாவிடமிருந்து அடுத்த கேள்வி: “சரி, காசு கொடுத்து எந்த ஆன்டிவைரஸ் வாங்கட்டும்?” வாசகர்களிடமிருந்தும் அடிக்கடி வரும் கேள்வி இது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, ஒரிஜினல் விண்டோஸும் ஒழுங்கான அப்டேட்டும் இருந்தால், டிஃபெண்டரே போதும் என்பது என் கட்சி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது; அதிலேயே இருந்துகொண்டு விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் வாங்குவது, ஓட்டைக் கூரைக்கு பெயின்ட் அடிப்பது மாதிரி. மாமா போல ஊரார் பென்டிரைவும் லிங்க்கும் தினம் வந்துபோகும் கடைக்கு மட்டும் கட்டணப் பதிப்பு வாங்கலாம் என்றேன். வெளிநாட்டுப் பெயர்தான் உசத்தி என்றில்லை. 1991-ல் தொடங்கிய கே7 நம் சென்னைக்காரர்களுடையது. க்விக் ஹீல், புனேவில் கால்குலேட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பியும் உருவாக்கியது. எதை வாங்கினாலும், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற இரண்டு பரிசோதனைக் கூடங்கள் வெளியிடும் முடிவுகளை ஒரு பார்வை பாருங்கள், இலவசமாகவே கிடைக்கும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல், ரின்யூவல் விலையையும் பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

இலவசம் என்றால் எல்லாமே நல்லது என்றும் இல்லை. பயனாளர்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது அமெரிக்காவின் எஃப்.டி.சி. நடந்தது 2024-ல்தான். காவலுக்கு வைத்தவரே வீட்டுக் கதையை வெளியே சொன்ன கதை.

ஆனால், எந்த ஆன்டிவைரஸும் செய்யாத ஒரு வேலை மாமா கடையில் பாக்கி இருந்தது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். வளவனூரின் பாதி ஊர் அதில் இருந்தது. ஆதார், பான், மார்க் ஷீட், பாஸ்புக் முதல் பக்கம். இ-ஆதாருக்கு பாஸ்வேர்டு உண்டு என்றாலும், மெயிலிலேயே அதையும் எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த இன்ஃபோஸ்டீலர் இதில் எதையெல்லாம் அள்ளிப் போனதோ, தெரிந்துகொள்ள வழியில்லை. மாமா அந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதிலிருந்த பலர் அவருக்கு மாமன், மச்சான் முறை.

இப்போது தினமும் கடை மூடும்போது அந்த ஃபோல்டர் காலி. நீங்களும் கடையில் பிரின்ட் எடுத்ததும் “அண்ணே, அழிச்சிடுங்க” என்று சொல்லி, அழிப்பதை நின்று பாருங்கள். ஆதார் கொடுப்பதாக இருந்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். கடைக்காரர்களுக்கு: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. டிக் செய்தால் மறைந்திருக்கும் வால் தெரியும். அட்டாச்மென்ட்டை டவுன்லோட் செய்யாமல் ஜிமெயிலிலேயே திறந்து, அங்கிருந்தே பிரின்ட் கொடுங்கள். கதவில் மெயில் ஐடிக்குக் கீழே மாமா இப்போது ‘பி.டி.எஃப் மட்டும். லிங்க், ஜிப் அனுப்பாதீர்’ என்று ஒட்டியிருக்கிறார்.

நான் கிளம்பும் நேரத்தில் பெரியவர் ஒருவர் செல்போனோடு வந்தார். “கல்யாணப் பத்திரிகை வந்திருக்குது தம்பி, தெறக்க மாட்டேங்குது. பிரின்ட் எடுத்துக் குடு.”

வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்திருந்தது, பெயரின் வால், ஏ.பி.கே. அதாவது ஆண்ட்ராய்டு ஆப். டிராஃபிக் அபராதம், பேங்க் கே.ஒய்.சி, கல்யாணப் பத்திரிகை என்று பல வேஷத்தில் இது சுற்றுகிறது. இன்ஸ்டால் செய்தால் எஸ்.எம்.எஸ் பார்க்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓ.டி.பி எல்லாம் அதன் கையில். நல்லவேளை, ‘இந்த ஆப்பை அனுமதிக்கவா’ என்று போன் இங்கிலீஷில் கேட்டதும் பெரியவர் பயந்து நிறுத்தியிருந்தார். அழித்தேன். பிளே ஸ்டோரில் ‘பிளே புரொடெக்ட்’ ஸ்கேனும் ஓட்டிக் கொடுத்தேன்.

“அப்போ கல்யாணம் எந்த மண்டபத்துலன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?” என்றார்.

“அனுப்புனவருக்கு ஒரு போன் போடுங்களேன் பெரியவரே” என்றார் மாமா.

கடை வாசலிலேயே நின்று பேசினார். ஸ்பீக்கர் இல்லாமலே எங்களுக்கும் கேட்டது. அந்த வீட்டில் கல்யாணமே இல்லையாம். இரண்டு நாளாக அவர் போன் தானாக எல்லோருக்கும் பத்திரிகை அனுப்புகிறதாம். பெரியவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “நல்லதாப் போச்சு, மொய் மிச்சம்” என்று பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.